கார் கூரையில் விரித்த லுங்கி

போன வருடம் மாசி மாதம், மீஞ்சூருக்கும் அத்திப்பட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு கன்டெய்னர் யார்டில் நடந்தது இது. அந்த யார்டு முதலாளிக்கு நான் டிரைவர். பதினோரு வருடமாக அவரிடம்தான் வேலை. வீடு திருவொற்றியூரில்.

முதலாளிக்கு மேலே திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உயிர். இரண்டே சீட்டு, கறுப்புத் துணிக் கூரை. அப்படி ஒரு காருக்கு எதற்கய்யா டிரைவர் என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அதைக் கீறல் படாமல் கொண்டுபோக ஒருத்தன் வேண்டும், அதற்குத்தான் நான். ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். வந்ததும் ஓரங்கட்டி இடம் மாறிக்கொள்வோம். கூரை திறக்கும், கூலிங் கிளாஸ் வரும், ஐயா ஓட்டுவார். திரும்பி வரும்போது ராயபுரம் வருவதற்குள் கூரை மூடிவிடும், ஸ்டியரிங்கும் என் கைக்கு வந்துவிடும்.

பழைய வண்டி எனக்கு அத்துப்படி. கூரையைத் திறக்க உள்ளே உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கண்ணாடிக்கு மேலே இருக்கிற இரண்டு கொக்கிகளைக் கையால் கழற்றி, பிறகு பட்டனை அமுக்க வேண்டும். ஆள் உள்ளே இல்லாமல் அந்தக் கூரை அசையாது. அந்த தைரியத்தில்தான் நான் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். அத்திப்பட்டுப் பக்கம் காற்று திரும்பினால் அனல் மின் நிலையத்துச் சாம்பல் தூசி இறங்கும். துணிக் கூரையில் அது உட்கார்ந்துவிட்டால் தட்டினாலும் போகாது, தேய்த்தால் இழைக்குள் ஏறிக்கொள்ளும். அங்கே பைக் சீட்டுக்குக்கூட ஈரத்துணி போட்டு வைப்பார்கள். நானும் யார்டில் வண்டியை விட்டதும் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கூரை மேல் விரித்துவிடுவேன். முதலாளி இறங்கி வருவதற்குள் எடுத்துவிடுவேன், தூசி துணியோடு போய்விடும்.

துணி கொடுத்தது வாட்ச்மேன். அத்திப்பட்டுக்காரர், என் வயதுதான். ஆற்றில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர், இறால் கிடைக்காமல் போனதும் கேட்டில் வந்து உட்கார்ந்தார். "இன்னா மாமு, இத்தினி ரூபா வண்டிக்கு ஒரு துணி வாங்கித் தர மாட்டாரா உங்க ஆளு?" என்று சிரித்துக்கொண்டே தன்னுடைய பழைய நீலக் கட்டம் போட்ட லுங்கியைக் கொடுத்தார். அது தினமும் கேட்டுக் கொடியில்தான் காயும். யார்டில் எல்லாருக்கும் அந்த லுங்கியைத் தெரியும்.

தை பிறந்ததும் முதலாளி பழையதைக் கொடுத்துவிட்டு அதே காரின் புது மாடலை எடுத்தார். ஷோரூம் தம்பி ஒரு மணி நேரம் பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் விளக்கினார். சாவியில் ஒரு பட்டனை விடாமல் அமுக்கினால் வெளியில் இருந்தே கூரை திறக்கும் என்றார். கேமரா என்றும் ஏதோ சொன்னார், ரிவர்ஸ் கேமரா என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி முன்னால் புரியவில்லை என்று சொல்ல வெட்கம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

அந்த வண்டி என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஹேண்ட் பிரேக் இருந்த இடத்தில் வெறும் பட்டன். சிக்னலில் என் இடது கை தானாகப் போய்க் காற்றைப் பிடித்து இழுக்கும். கோடு தாண்டினால் ஸ்டியரிங் அதிரும். எண்ணூர் ரோட்டில் கோடு எங்கே இருக்கிறது, லாரிக்காரன் விட்ட இடம்தான் ரோடு. இரண்டு பக்கமும் டிரெய்லர் நெருங்கினால் கீ கீ என்று கத்தும். கொட்டாவி விட்டால் ஓய்வெடுக்கச் சொல்லி டீ கப் படம் காட்டும். பதினோரு வருடத்தில் முதலாளிகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஒரு மாதம் போராடி, ஒரு வழியாக வண்டி கைக்கு வந்தது. கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்புதான் வினையானது.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். முதலாளி வெளியூரில் இருந்து வந்த இரண்டு வியாபாரிகளோடு மேலே ஆபீஸில் இருந்தார். நான் வண்டியை ஷெட் ஓரமாக விட்டேன். காற்று சரியில்லை. பழக்கதோஷம், லுங்கியை நனைத்துப் பிழிந்து, சுருக்கமில்லாமல் கூரையில் விரித்தேன். "தே வந்துடறேன் மாமு, பாத்துக்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு எதிரே டீக்கடைக்குப் போனேன்.

பாதி டீயில் உள்ளே இருந்து சத்தம். இரும்பு நெரிகிற சத்தம், பிறகு மோட்டார் முக்குகிற சத்தம். ஓடிப்போனேன். முதலாளி விருந்தாளிகளோடு படி இறங்கியிருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் வண்டியின் முன்பக்கம் மட்டும்தான் தெரியும், கூரையை ஷெட் மறைத்துவிடும். பேசிக்கொண்டே தன்னிடம் இருந்த இன்னொரு சாவியை ஜம்பமாக அமுக்கியிருக்கிறார். கூரை எழுந்து மடங்கி, லுங்கியையும் உள்ளே இழுத்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. கம்பி வளைந்து கூரைத் துணி முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. விருந்தாளி ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். முதலாளிக்கு அதுதான் அதிகமாக வலித்திருக்கும்.

மேனேஜர் லுங்கியின் நுனியைப் பிடித்து இழுத்தார். "இது யாருது?"

"என்துதான் சார்" என்றார் வாட்ச்மேன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை அது.

வேலை போய்விடும் என்பது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது. நாற்பத்தெட்டு வயதில் வேறு எங்கே போய் நிற்பது? வாய் தானாகத் திறந்தது. "நான் டீ குடிக்கப் போயிருந்தேன் சார்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பச்சைப் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது. வாட்ச்மேன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. முதலாளி கார் மேல் லுங்கியைக் காயப்போட்டார் என்று சொல்லி, மதியம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். டிபன் டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். லுங்கியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வண்டி ரிப்பேராகி வந்தது. முதலாளி பக்கத்து சீட்டில். டோல்கேட் சிக்னலில் நின்றோம். அவர் முன்னால் இருந்த திரையில் விரலால் எதையோ தள்ளினார். யார்டு தெரிந்தது. நான் தெரிந்தேன். லுங்கியைப் பிழிகிறேன், உதறுகிறேன், கூரைப் பக்கம் கையை நீட்டி நீட்டி நீவி விடுகிறேன், போகிறேன். நின்றிருக்கும்போது யார் கிட்ட வந்தாலும் அந்த வண்டி படம் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஷோரூம் தம்பி சொன்ன கேமரா அதுதான்.

நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டேன்.

"அன்னிக்கு சாயங்காலமே பார்த்துட்டேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "வாட்ச்மேன் எங்க வேணும்னாலும் கிடைப்பாம்ப்பா. இந்த ரோட்டுல இந்த வண்டி பழகின ஆள் கிடைக்கிறது கஷ்டம். இனிமே துணி கிணி போடாத."

"சார், அப்ப அவரை மறுபடி..."

"பச்சை விழுந்துடுச்சு, எடு."

எடுத்தேன். அங்கேயே இறங்கிப் போயிருக்கலாம். இறங்கவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், நான் ஆக்சிலேட்டரை அமுக்கினேன், அவ்வளவுதான் என் ரோஷம்.

அடுத்த ஞாயிறு முதலாளி வெளியூர். அத்திப்பட்டுக்குப் போய் வாட்ச்மேன் வீட்டைத் தேடிப் பிடித்தேன். வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மறுபடி ஆற்றில் இறங்குகிறாராம். "எதுனா கெடைக்குதா?" என்றேன். "தண்ணிதான் கீது" என்றார். நான் செய்ததைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன். கேமரா விஷயத்தையும் சொன்னேன். அவர் தலை நிமிரவே இல்லை.

"கேமரா இன்னா பெரிய கேமரா. நான்தான் கேட்டாண்ட குந்திகினு பாத்துகினு இருந்தேனே. நீ ஒரு வார்த்த சொல்லுவேன்னு அப்பவும் பாத்துகினுதான் இருந்தேன்." வலையை ஒரு உதறு உதறிவிட்டு, "போய்ட்டு வா. வெய்யில் ஏறுது" என்றார். எப்போதும் சொல்கிற மாமுவை அன்றைக்குச் சொல்லவில்லை.

இன்றைக்கும் அந்தக் காரைத்தான் ஓட்டுகிறேன். கை இப்போது ஹேண்ட் பிரேக்கைத் தேடுவதில்லை, ஸ்டியரிங் அதிர்ந்தால் திடுக்கிடுவதில்லை. கேட்டில் புது வாட்ச்மேன் வணக்கம் வைக்கிறார். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் உள்ளே போகிறேன். புது மாடல் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நின்றது மட்டும் இன்னும் பழகவில்லை.