கடல் நடுவிலிருந்து நடந்து போனவன்

என் அண்ணனைச் சாகவும் விடாமல் வைத்திருப்பவர் நீங்கள்தான்.

நடுக்கடலில் எண்ணெய்க்காகத் துளை போடும் தளங்களுக்கு ஆள் அனுப்பிய கம்பெனியின் அதிகாரி நீங்கள். வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா கொடுத்த காபியைக் குடித்தீர்கள். பிறகு, "தளத்தில் ஆளைக் காணவில்லை. எல்லா இடமும் தேடிவிட்டோம். அவராகவே எங்கேயாவது போயிருக்கலாம்" என்றீர்கள். சுற்றிலும் கடல். கரை கண்ணுக்கே தெரியாது. அங்கிருந்து ஒருவன் எங்கே நடந்து போவான்? அன்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் அம்மா அப்போதே அடுப்படியில் விழுந்து கிடந்தாள்.

நானும் அண்ணனும் எலெக்ட்ரீசியன் படிப்பு படித்தவர்கள். அவன் பம்பாய்க்குப் போய் அங்கிருந்து ஹெலிகாப்டரில் கடலுக்குப் போனான். நான் பணகுடிப் பக்கம் காற்றாலையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளில் அந்தப் பொட்டல் காடு முழுக்கக் காற்றாடி நட்டுக்கொண்டிருந்தார்கள். விடுமுறைக்கு வந்தால் அவனுக்கு என்னைக் கேலி செய்வதுதான் வேலை.

"என்னலே, ஒங் காத்தாடி சுத்துதா, இல்ல தூங்குதா?"

"சுத்துதுண்ணே. ஆடிக் காத்துல சுத்தாம என்ன செய்யும்?"

"ஆடி சரி. ஐப்பசில? அப்ப ஊதிவிட ஆள் வச்சிருக்கீங்களோ?"

"ஒங்க எண்ணெ ஒருநா வத்தும். காத்து வத்தாதுல்லா."

"ஏலே, ஒங் காத்தாடி பல்சக்கரத்துக்கு ஊத்துத எண்ணெ எங்கனருந்து வருது? எங்க கடல்லருந்துதாம்ல. வத்துச்சுன்னா மொதல்ல நிக்கது ஒன்னோடதுதான்."

மதினி சிரித்துவிடுவாள். அண்ணன் பெண்டாட்டியைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளைச் சிரிக்கவைக்கத்தான் அவன் பேசுவதே.

அவன் சொன்னதில் பொய் இல்லை. காற்றாலையைப் பற்றி நான் பெருமை பேச வரவில்லை. அதை நட்டவர்களில் பாதிப் பேர் வரியை மிச்சம் பிடிக்க நட்டவர்கள். நட்ட பிறகு அது சுற்றினால் என்ன, துருப்பிடித்தால் என்ன என்று இருந்தார்கள். காற்று நின்ற மாதங்களில் வரிசையாகச் செத்துக் கிடக்கும். அங்கேயும் ஆள் செத்தான். என்னோடு வேலை பார்த்தவன், வள்ளியூர்க்காரன், இடுப்பு பெல்ட்டின் கொக்கி கழன்று மேலேயிருந்து விழுந்தான். முள்ளுச்செடிக்குள் கிடந்தான். நாங்கள்தான் தூக்கினோம். அன்றைக்கே அவனுடைய அம்மா வந்தாள், ஊர் வந்தது, போலீஸ் வந்தது. முதலாளி வெளியூரிலிருந்து கார் பிடித்து வந்தான். அவன் சட்டையை ஊர்க்காரன் ஒருவன் பிடித்தான். அந்த முதலாளி யோக்கியன் இல்லை. ஆனாலும் வெயிலில், அந்தப் பொம்பிளை முன்னால், தலையைத் தொங்கப்போட்டு அவன் நிற்கவேண்டி வந்தது. உடம்பு கண் முன்னால் கிடந்தது. இல்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை.

கடலா காற்றா என்று யாராவது என்னிடம் கேட்டால் யூனிட், விலை எதையும் நான் பார்ப்பதில்லை. அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். செத்தவன் எங்கே கிடப்பான் என்றுதான் பார்க்கிறேன்.

அண்ணன் எங்கேயும் கிடக்கவில்லை. அதனால் எல்லா இடத்திலும் இருக்கிறான்.

எங்கள் வீட்டில் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்காமல் யாரும் சாப்பிடமாட்டோம். அது இறந்துபோனவர்களுக்கான சோறு. அம்மா உருண்டை பிடிக்கும்போது கூடுதலாக ஒன்று பிடித்துவிடுவாள். அதைச் சுவரில் வைத்தால் மகன் செத்துவிட்டான் என்று அவளே சொன்னதாகிவிடும். வைக்காவிட்டால் அவன் பட்டினி. கையில் வைத்துக்கொண்டு கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். கடைசியில் அம்மிக்குப் பக்கத்தில் இலையில் வைத்துவிடுவாள். அது சாயங்காலம் வரை அங்கேயே காயும். யாரும் தொடமாட்டோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி விலகித்தான் போவோம். அப்பாவும் அப்படித்தான் விலகுவார்.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. ஆனால் காற்று நின்ற ஒரு மத்தியானம், காற்றாடி உச்சியில் இருக்கிற இயந்திரக் கூண்டுக்குள் நான் மட்டும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் டீசல் வாடை அடித்தது. அண்ணன் ஊருக்கு வந்தால் அவன் பெட்டியைத் திறந்ததும் அடிக்கிற வாடை. திரும்பவே எனக்குத் தைரியம் வரவில்லை. "தூங்குதாலே?" என்று கேட்பான் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் தனியாக ஏறியதில்லை.

அம்மாவுக்கு ஆறுதான் தெரியும், கடல் தெரியாது. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தாமிரபரணிக் கரையில். ஆற்றில் போனவன் எங்கேயாவது ஒரு படித்துறையில் ஒதுங்குவான் என்று பார்த்து வளர்ந்தவள். கடலில் போனவன் ஆறு சேருகிற இடத்தில் ஒதுங்குவான் என்று அவளாக முடிவு பண்ணிவிட்டாள். என்னை இழுத்துக்கொண்டு புன்னக்காயல் போனாள். கரையில் வலை சரிபண்ணிக்கொண்டிருந்தவரிடம் அண்ணன் போட்டோவைக் காட்டினாள்.

அவர் விசாரித்துவிட்டு, "ஒங்க மவன் போனது மேக்குக் கடலுல்லாம்மா. இது கெழக்கு. அங்கன விழுந்தது இங்கன வராதும்மா" என்றார்.

"எல்லாம் ஒரே தண்ணிதானய்யா?"

அவர் வலையைக் கீழே வைத்தார். "பேரச் சொல்லுங்க. மாதா கோயில் சாமியார்ட்ட சொல்லி ஞாயித்துக்கெழம பூசையில வாசிக்கச் சொல்லுதேன். செத்தவங்களுக்கு வாசிக்கவா, உசுரோட இருக்கவங்களுக்கு வாசிக்கவா?" என்று கேட்டார்.

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அம்மா போட்டோவைப் பைக்குள் வைத்தாள். பேரைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டோம். அவளுடைய கோயிலிலும் வழியில்லை, அவருடைய கோயிலிலும் வழியில்லை.

சடங்கு செய்கிற ஐயரிடம் அப்பா கேட்டுப் பார்த்தார். உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம் என்றார் அவர். ஆனால் செத்தது நிச்சயமாகத் தெரிய வேண்டுமாம். தெரியாவிட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். சர்க்கார் ஆபீசிலும் அதே பதில்தான். கம்பெனி சொன்னால்தான் இறப்புச் சான்று. கம்பெனியைக் கேட்டால், காணவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவள் மதினி. தெருவில் வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடுவதில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டிலும் அவளை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. ஒரு நாள் அப்பாவிடம் நேராகவே சொன்னாள்: "மாமா, தாலி இருந்தா இருக்கட்டும். போனா போகட்டும். எதுன்னு மட்டும் அவங்கள சொல்லச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அப்பா அதைக் கேட்டு எழுந்து போய்விட்டார். அவர் அழுததை நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. கிணற்றடியில் வாளி உருளுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

இப்படி இருக்கும்போதுதான் நீங்கள் மறுபடி திருநெல்வேலிக்கு வந்தீர்கள். எங்கள் கிழக்குக் கடலிலும் எண்ணெய் தேடலாமா என்று பேச்சு அடிபட்ட சமயம். கல்யாண மண்டபத்தில் கூட்டம். புன்னக்காயலிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மதினியும் நானும் பின்வரிசையில் இருந்தோம். காற்றாலை சிறுபிள்ளை விளையாட்டு, நாட்டைத் தூக்கி நிறுத்தப்போவது கடல் எண்ணெய்தான் என்றீர்கள். ஒருவர் எழுந்து, "வலைக்கும் மீனுக்கும் என்ன வே வழி?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினீர்கள். பிறகு, உங்கள் ஆட்கள் வேலை செய்த தளங்களில் இதுவரை ஒரு உயிர்கூடப் போனதில்லை என்றீர்கள். கைதட்டினார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணன் செத்ததை ஒப்புக்கொண்டால் உங்களால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. அந்த வார்த்தைக்காகத்தான் என் அம்மா அமாவாசைதோறும் உருண்டையோடு நடக்கிறாள்.

மதினி எழுந்தாள். வகுப்பில் பேசுகிற குரலில்தான் கேட்டாள்: "அப்படின்னா எங்க வீட்டுக்காரர் உசுரோட இருக்காரா?"

உங்களுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அம்மா, அது தனி விஷயம். ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றீர்கள். மைக் நின்றது. டீ கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மதினி உட்காரவில்லை. டீ குடித்து முடித்து நாற்காலிகளை மடக்குகிற வரைக்கும் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

ஆபீசுக்கு அவள் வரமாட்டாள். நானும் வரமாட்டேன். ஒரு உயிர்கூடப் போனதில்லை என்று ஊரைக் கூட்டி மைக்கில் சொன்னவர் நீங்கள். பதிலையும் ஊரைக் கூட்டி, மைக்கில் சொல்லுங்கள். புன்னக்காயல்காரர்களும் கேட்கட்டும், அவர்கள் பிள்ளைகளும் நாளைக்கு அந்த வேலைக்குப் போகலாம். என் அண்ணன் உங்கள் தளத்தில் செத்தானா, இல்லையா?