பெயரில்லாத விளிம்பு

படைப் பதக்கம் எதைக் கையில் வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது அதன் விளிம்பைத்தான். பெற்றவரின் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருந்தால் சேகரிப்பவருக்கு அது அரிய பொருள், இல்லையேல் சாதாரணம்.

சென்ற மாதம் கரைத்தீவில் ஒரு முதியவர், இரண்டாம் உலகப் போரில் பணிபுரிந்த தம் தந்தையின் பதக்கத்தை மதிப்புப் பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் நகை, பணம் பறிக்கப்பட்டு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட அன்று அதை இடுப்புச் சாரத்தின் மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்தாராம். விளிம்பு வெறுமையாக இருந்தது.

"இது அந்தப் போரில நிண்ட எல்லாருக்கும் குடுத்தது, நானா. விசேஷமா ஒண்டுமில்ல," என்றேன்.

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி அப்படியே நின்றார். "அல்லாஹ்வே! இந்தத் தகரத்தை ஒளிச்ச இடத்தில என்ட தங்கக் காப்பை ஒளிச்சிருந்தா அதாவது மிஞ்சியிருக்குமே!"

முதியவர் பதக்கத்தைத் திரும்ப வாங்கி உள்ளங்கையால் துடைத்தார். "எல்லாருக்கும் குடுத்ததெண்டா, எங்கட வாப்பாவுக்கும் குடுத்ததுதானே, சேர்?"

மனைவி சிரித்தார், முதியவர் சிரிக்கவில்லை. அவருடைய தந்தை எந்த நாட்டில், என்ன பணியில் நின்றார் என்று நான் ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை. தேநீரைக் குடித்து முடிக்கும்வரை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் இயலவில்லை.