அட்டையில் இல்லாத பாவம்

எங்கள் குருமடத்தில் அவருக்குப் 'பாவி அக்கா' என்று பெயர். யார் வைத்த பெயர் என்று தெரியாது. கோபித்துக்கொள்ள அவருக்கு நேரமும் இருந்ததில்லை. அலுவலகத்தில் தட்டச்சு வேலை, அதோடு ஆண்டுக்கு ஒரு மாதம் பாவி வேலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்தான்.

நான் அதே கட்டடத்தில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். பதினெட்டு வருடமாக மதியச் சாப்பாடு அவரோடுதான். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. வெட்கப்படக்கூட எனக்குத் தெம்பு இல்ல" என்றார்.

பாவி வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கக் குருவாகப் போகிறவர்கள் கடைசி ஆண்டில் பாவசங்கீர்த்தனம், அதாவது மக்கள் வந்து சொல்லும் பாவங்களை, கேட்கப் பழக வேண்டும். நிஜப் பாவத்தை வைத்துப் பழக முடியாது. ஆகவே அறநெறி கற்பிக்கும் ஃபாதர் பாவங்களைக் கற்பனை செய்து அட்டைகளில் எழுதுவார். அக்கா அதைத் தட்டச்சு செய்வார். பிறகு நூலகத்துக்குப் பின்னாலுள்ள அறையில், மரத்தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தன் பாவம்போலச் சொல்வார். அந்தப் பக்கம் மாணவர் கேட்டு, விசாரித்து, புத்தி சொல்லி, பரிகாரம் கொடுக்க வேண்டும். மன்னிப்பு வார்த்தைகளை மட்டும் சொல்லக் கூடாது, அது குருப்பட்டம் பெற்றவர்களுக்குத்தான். "பயிற்சி முடிந்தது" என்று நிறுத்திவிட வேண்டும். ஃபாதர் மாணவருக்குப் பின்னால் சிறிய மேசை போட்டு மதிப்பெண் போடுவார்.

ஒரு நாளைக்கு எட்டு மாணவர்கள், எட்டுப் பாவங்கள். ஒரே மதியத்தில் ஒரு கொலை, இரண்டு கள்ளத்தொடர்பு, மூன்று பொய்ச்சாட்சி, மிச்சத்துக்குத் திருட்டு என்று எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, போகிற வழியில் சோப்பும் காய்கறியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். வீட்டில் வாதம் அடித்துப் படுத்திருந்த கணவர். பதினோரு வருடம். பேச்சு போய்விட்டது. எது வேண்டுமானாலும் கட்டில் கம்பியில் டம்ளரால் தட்டுவார்.

ஃபாதரின் பாடக்குறிப்பை இருபத்திரண்டு முறை தட்டச்சு செய்ததில், மாணவர்களைவிட அக்காவுக்குத்தான் பாடம் நன்றாகத் தெரியும். திருச்சபையின் ஆரம்ப காலத்தில் பெரிய பாவத்துக்கு வாழ்நாளில் ஒரே தடவைதான் மன்னிப்பு, அதுவும் ஊரறியப் பரிகாரம் செய்த பிறகு. அடுத்து துறவிகள் வந்து பட்டியல் போட்டார்கள், இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் வெறும் ரொட்டியும் தண்ணீரும் என்று. அதற்கப்புறம் தடித் தடியாகப் புத்தகங்கள், பாவத்தின் சூழ்நிலையைத் தோண்டியெடுக்கக் கேள்விகள்: யார், என்ன, எங்கே, யாரோடு, ஏன், எப்படி, எப்போது. கடைசி அத்தியாயத்தில் பட்டியல் போதும், அன்புதான் அளவுகோல் என்று வரும். அந்த அத்தியாயம் மூன்றே பக்கம்.

"அந்தப் பட்டியல்ல எல்லாப் பாவமும் இருக்கு பாரு," என்றார் ஒருநாள் டிபன் டப்பாவை மூடியபடி. "பன்னெண்டு ராத்திரி தூங்காத பொண்டாட்டி பண்ற பாவம் மட்டும் இல்ல. போட்டவங்க எல்லாம் தனியாளுங்க." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, அதை நான் கவனிக்கவும் இல்லை. இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

கணவர் இறந்து நான்கு வருடமாகியும் அக்காவின் முகத்தில் அந்தச் சோர்வு போகவில்லை. போன ஆண்டு வரை விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும் என்பார். அந்த நேரத்தில் புரட்டிப் படுக்க வைக்கக் கணவர் இல்லை, உடம்புக்கு அது புரியவில்லை.

இறந்த மாதமே பாவசங்கீர்த்தனம் செய்யப் பங்குக் கோவிலுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த இளம் குரு எங்கள் குருமடத்தில் பயின்றவர். தட்டிக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு. "அக்கா, இது எத்தனாவது அட்டை?" என்றாராம். அக்காவும் சிரித்துவிட்டு, கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று எல்லாரும் சொல்கிறதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பேருந்து போகிற தூரத்தில் இருக்கும் குருக்கள் எல்லாருமே அவரிடம் பழகியவர்கள்தான். அறநெறி ஃபாதரிடமே போகலாம் என்றால், "அவர்கிட்டச் சொன்னா அடுத்த வருஷம் அட்டையில வந்துடும்" என்றார். அது பொய்ப் பயம் என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் பயம் பயம்தான்.

போன ஆண்டுத் தேர்வில் அன்றைய எட்டாவது ஆள் 'ஆமை பிரதர்'; குருமட மாணவர்களைப் பிரதர் என்றுதான் கூப்பிடுவோம். நடை, பேச்சு, சாப்பாடு எல்லாமே மெதுவாக இருக்கும். இதே தேர்வில் இரண்டு முறை தோற்றவர். மூன்றாவது முறையும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான், பத்து வருடப் படிப்பும் போச்சு. அக்கா கையில் பதினான்காவது அட்டை: பக்கத்து வீட்டுக்காரர்மேல் பொய்ச்சாட்சி சொன்ன பெண். எல்லா அட்டையும் முதலில் ஒரே மாதிரிதான் தொடங்கும், கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை காலம் ஆகிறது என்று. அட்டையில் ஆறு மாதம் என்று இருந்தது. அக்கா களைப்பில், "உருப்படியா ஒண்ணு பண்ணி நாலு வருஷம் ஆச்சு" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அட்டைக்குத் திரும்ப முடியவில்லை.

"என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. நான் மாடியில போர்வை காயப்போட்டுட்டு இருந்தேன். கீழ டம்ளர் சத்தம் கேட்டுச்சு. இந்த ஒரு வாளி முடியட்டும்னு நின்னேன். நாலு போர்வை. சத்தம் நின்னுபோச்சு. நின்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. மிச்சத் துணியையும் காயப்போட்டுட்டுத்தான் இறங்கினேன். அவரு போயிட்டாரு."

அக்காவே தொடர்ந்து, "எப்படியும் போயிருப்பார்னு டாக்டர் சொன்னாரு. அந்த அப்பாடாவை டாக்டருக்குத் தெரியாதே" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் கேள்வி வரிசையை எடுத்திருப்பார்கள்: வேண்டுமென்றே நின்றீர்களா, முழு மனதோடா, இதற்கு முன்பும் உண்டா. ஆமை பிரதர் தட்டியை ஒட்டிக் குனிந்து கேட்டார்: "அன்னிக்கு நீங்க எத்தனை மணிக்கு எழுந்தீங்க?"

"மூணு."

"முந்தின நாள்?"

"மூணு."

"அதுக்கு முந்தின நாள்?"

பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வியை அக்காவிடம் யாரும் கேட்டதில்லை, நானும்தான். தட்டிக்கு இந்தப் பக்கம் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். பிரதருக்கு என்ன புரிந்ததோ, பரிகாரமும் கொடுக்கவில்லை, "பயிற்சி முடிந்தது" என்றும் சொல்லவில்லை. "இதுக்கு மேல சொல்ல நான் இன்னும் குரு இல்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்த ஃபாதருக்குக் காது மந்தம். அக்காவின் குரல் எட்டவில்லை, பிரதரின் குரல்தான் எட்டியது. பொய்ச்சாட்சி சொன்னவளிடம் எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்கிற மாணவனுக்கு என்ன மதிப்பெண் போடுவது? பூஜ்யம் போட்டார்.

மறுநாள் மதிப்பெண் பட்டியல் தட்டச்சுக்கு வந்தது. யாருக்கு வரும்? அக்காவுக்குத்தான். ஆமை பிரதர் பெயருக்கு எதிரே 'தேர்ச்சி இல்லை, மூன்றாம் முறை' என்று இருந்தது. அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து, முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னார்.

"அட்டையை மாத்தி எடுத்துட்டேன்னு சொல்லிடுங்களேன், விஷயம் முடிஞ்சது" என்றேன்.

"பொய்ச்சாட்சி அட்டையைப் பத்தியே பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். அந்த நேரத்திலும் கிண்டல். "போதும்டி. சுமந்து சுமந்து தோள் வலிக்குது. அந்தப் பிள்ளை என்னால வீட்டுக்குப் போகக் கூடாது."

ஃபாதரின் அறை நான்காவது மாடியில், மின்தூக்கி வேலை செய்யவில்லை. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். ஃபாதரின் காதுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அட்டையில் இல்லாததைச் சொன்னேன், பிரதர்மேல் தப்பில்லை என்றார். என்ன சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். முழுவதையும் சொன்னார், அப்பாடா உட்பட.

ஃபாதர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "இருபத்திரண்டு வருஷமா உங்களைப் பாவியா உட்கார வச்சிருக்கேன்," என்றார். "ஒரு நாளாவது உங்களுக்கு என்னன்னு கேட்டேனாம்மா?"

"வேலை இருந்துச்சு ஃபாதர். உங்களுக்கும், எனக்கும்."

பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது குருக்கள் அணியும் கழுத்துப்பட்டையை அவர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அக்கா முடியாதென்று தலையாட்டினார். "இன்னொரு தடவை சொல்லத் தெம்பு இல்ல ஃபாதர்."

"வேண்டாம். எனக்கு நல்லாவே கேட்டுச்சு."

மன்னிப்பு வார்த்தைகளை அவர் கடைசிவரை சொன்னார். அந்த நான்கு வருடத்தில் அக்கா முழுதாகக் கேட்டது அன்றுதான். ஆனால் பரிகாரம் சொல்லும் இடத்தில் மனிதர் திணறிவிட்டாராம். ஆயிரம் வருடப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே யோசித்து, "நாளைக்கு வேலைக்கு வராதீங்க. தூங்குங்க. அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் பட்டியல் தட்டச்சு செய்யப்படாமலே அறிவிப்புப் பலகைக்கு வந்தது. பூஜ்யத்தை அடித்து, பக்கத்தில் ஃபாதர் கையெழுத்தோடு 'தேர்ச்சி' என்று இருந்தது. நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, மனசு கேட்காமல் அனுமதி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நாலைந்து தடவை தட்டிய பிறகு கதவு திறந்தது. கன்னத்தில் தலையணைச் சுருக்கம், முடி கலைந்திருந்தது. "மணி என்ன?" என்றார். மூன்று என்றேன். திடுக்கிட்டு வெளியே பார்த்தார். நல்ல வெயில். "பட்டப்பகல் மூணா?" என்று கேட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆமை பிரதர் இப்போது குரு. அவரிடம் பாவசங்கீர்த்தன வரிசை நகரவே மாட்டேன் என்கிறது என்று பங்கு மக்கள் புகார் செய்கிறார்கள். அக்கா இந்த ஆண்டும் பாவி வேலைக்கு உட்கார்ந்தார். களைப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் மூன்று மணி விழிப்பு நின்றுவிட்டது என்கிறார்.

இருபத்து மூன்றாம் முறையாகத் தட்டச்சு செய்த பாடக்குறிப்பின் பிரதி ஒன்று நூலகத்துக்கு வந்தது. எண் போட எடுத்தபோது, 'எப்போது' என்ற கேள்விக்குக் கீழே முன்பு இல்லாத ஒரு வரியைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

"ஃபாதர் சேர்த்தாரா?" என்றேன்.

"நான்தான் சேர்த்தேன். அவர்கிட்டக் கேட்டுட்டுத்தான்" என்றார் அக்கா, தட்டச்சிலிருந்து கையை எடுக்காமல்.

அந்த வரி இது: 'அன்று அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று முதலில் கேட்க வேண்டும்.'