பாதாமுக்குப் பவுடர் போதவில்லையா?

எங்கள் குதிரை பாதாமின் வால்முடி என் கையோடு வந்துவிட்டது. நாலைந்து இழை அல்ல, ஒரு கொத்து.

வைட்ஃபீல்டைத் தாண்டி இருக்கும் எங்கள் குதிரையேற்றப் பள்ளியில் தீவன ஸ்டோர் என் பொறுப்பு. என் மகள் திவ்யா அங்கேதான் ரைடிங் கற்கிறாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜம்பிங் போட்டி இருந்தது. அவள் ஏறவிருந்தது இந்தப் பாதாம் மேல்தான். ஸ்டோர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. இரண்டாவது கரண்டி

"ரெண்டு வாரமாவே கொட்டுது கலாம்மா," என்றார் ஆரோக்கியம். பாதாமைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரர் அவர்; இங்கே 'சைஸ்' என்போம். விவேக் நகரிலிருந்து பஸ் மாறி வருகிறவர். "சத்து பத்தல. பவுடரைக் கூட்டிப் போடுங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முடிக்கும் குளம்புக்குமான பவுடரை ஒரு மாதமாக ஒரு கரண்டி கலந்துவந்தேன். அப்படியும் கொட்டுகிறது என்றால் போதவில்லை என்றுதானே அர்த்தம்? இரண்டாவது கரண்டியை அள்ளினேன்.

"ஸ்வல்ப இருங்க. அதைக் கீழ வைங்க."

வேறொரு குதிரைக்குத் தடுப்பூசி போட வந்திருந்த, கன்னடம் கலந்து பேசும் டாக்டரம்மா லாய வாசலில் நின்றார். உள்ளே வந்து, பாதாமின் முன்னங்காலில் குளம்பும் தோலும் சேருமிடத்தை விரலால் அழுத்தினார். பாதாம் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. குளம்பைச் சுற்றி மெல்லிய கோடாக ஒரு வெடிப்பு. தினமும் பார்க்கும் குதிரை. எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

2. போர்டில் இல்லாதவை

"பாதாம் என்ன சாப்பிடறா?"

தீவனக் கணக்கு எழுதும் போர்டைக் காட்டினேன். புல், ஓட்ஸ், பெல்லட் என்கிற குச்சித்தீவனம், பவுடர் ஒரு கரண்டி.

"இது நீங்க எழுதினது. வாய்க்குள்ள என்ன போகுது? யார் என்ன குடுத்தாலும், ஒரு சிட்டிகைன்னாலும், இங்க எடுத்துட்டு வாங்க. திட்ட மாட்டேன்."

ஆரோக்கியம் கழுத்தைச் சொறிந்தார். பிறகு சேணம் வைக்கும் அறைக்குப் போய் ஒரு பாட்டிலோடு திரும்பினார். "டானிக்கு டாக்டர். டெய்லி ரெண்டு மூடி. முன்ன வேலை பாத்த லாயத்துல இப்படித்தான் குடுப்போம்."

"அய்யோ தேவரே!" என்று கடவுளைக் கூப்பிட்டார் டாக்டர்.

ரைடிங் கிளாஸுக்கு வந்த திவ்யா ஹெல்மெட்டோடு பின்னால் நின்றிருந்தாள். மெதுவாகத் தன் பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள்.

"ஆன்லைன்ல வாங்கினேம்மா. முடி ஷைனா ஆகும்னு போட்டிருந்துச்சு. ஒரு ஸ்பூன்தான் போட்டேன்."

"இது குதிரையா, மெடிக்கல் ஷாப்பா?" என்றார் டாக்டர். "லேபிளைப் படிங்க கலா. சத்தமா."

என் பவுடரில் செலினியம் என்ற தாதுச்சத்து. ஆரோக்கியத்தின் டானிக்கில் செலினியம். திவ்யாவின் டப்பாவிலும் அதேதான். படிக்கப் படிக்க என் குரல் ஏறிக்கொண்டே போனது.

"பெல்லட் மூட்டையையும் பாருங்க."

வருடக்கணக்காக நான் இறக்கி அடுக்கும் மூட்டை. புரோட்டீன் அளவுக்குக் கீழே ஒரு நாளும் நான் படித்ததில்லை. அங்கேயும் இருந்தது!

"கொஞ்சம் வேணும், கூடினா வெஷம். நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. கூடினா முடி கொட்டும், குளம்பு வெடிக்கும். நீங்க அதைப் பாத்துட்டு மறுபடி அதையே அள்றீங்க. ரத்தம் எடுத்துப் பாக்கணும், ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல." திவ்யாவைப் பார்த்தார். "இந்தக் காலோட ஜம்ப் பண்ணி, இறங்கற எடத்துல ஊன முடியலன்னா..."

அவர் முடிக்கவில்லை. நான் மனதுக்குள் முடித்துவிட்டேன்.

3. ரிப்போர்ட்

எல்லாம் நின்றது. புல், ஓட்ஸ், நக்குவதற்கு உப்புக்கட்டி, அவ்வளவுதான். போட்டியிலிருந்து பெயரை எடுத்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் திவ்யா கேட்டாள்: "நான் போட்டதாலயா மா?"

"நானும் போட்டேன்டி. உனக்கு முன்னாடியே போட்டேன்."

நான்கு நாள் கழித்து, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் போன் செய்தார். "செலினியம் ஜாஸ்திதான். ஆனா நல்ல நேரத்துல நிறுத்திட்டோம். குளம்பு கழண்டு விழாது, நிக்கும். வெடிப்பு வளர்ந்து கீழ எறங்க மாசக்கணக்காகும், அதுவரைக்கும் யாரும் ஏறக்கூடாது."

நான் சந்தோஷத்தில் ஸ்டோருக்குள்ளேயே கத்திவிட்டேன். ஓட்ஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆரோக்கியம் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தார்.

சத்துக் குறைந்த குதிரையும் சத்து மிஞ்சிய குதிரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே வாடித் தெரியலாம். ஆகவே யாராவது "என்ன போடலாம்?" என்று கேட்டால், இப்போது என்னென்ன போகிறது என்று முதலில் எழுதுங்கள். மூட்டை உட்பட எல்லா லேபிளையும் படியுங்கள். தீவனத்தை எடை போடுங்கள். டாக்டர் சொல்லும்வரை கரண்டியைத் தொடாதீர்கள். பிரியத்தில் தருவதும் தீவனம்தான். அதுவும் போர்டில் ஏற வேண்டும்.

இதைச் சொன்னபோது ஆரோக்கியம் சட்டைப்பையைத் தடவினார்.

"வெல்லம் கூடவா கலாம்மா?"

"வெல்லம் கூட."

சாக்பீஸை வாங்கி, ஓட்ஸுக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினார்: வெல்லம், ஒரு துண்டு, ஆரோக்கியம். ஒரு நொடி யோசித்துவிட்டு, 'ஒரு' என்பதை அழித்து 'ரெண்டு' என்று திருத்தினார்.