கோயில் முற்றத்தில் கட்டிய திரை

மாத்தளை நகரில் அனைத்துலகக் குறும்பட விழா ஒன்று நடைபெறவிருப்பதாக முதன்முறை கேள்வியுற்றபோது, நான் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. நகர மண்டபத்தில் நாற்காலிகளை வரிசையாக இட்டு, அயல்நாட்டுப் படங்கள் சிலவற்றைக் காட்டி, மாலை மரியாதைகளோடு முடித்துக்கொள்வார்கள் என்றே நினைத்தேன். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அவ்விழா ஊரில் தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டது. மிளகும் கிராம்பும் விற்கும் முஸ்லிம் அன்பர் ஒருவர் அதன் அமைப்பாளர். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரையையும் கருவிகளையும் சிறிய வான் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு உக்குவளைக்குப் போவார், கலேவெலச் சந்தைக்குப் போவார், வில்கமுவ வயலோரங்களுக்கும் போவார். எங்கோ ஒரு பனிநாட்டில் ஆட்டுக்குட்டியைத் தொலைத்த சிறுமிக்காகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பாயிலிருந்து கலங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

அதில் என் பணி சிறியது. ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால், அயல்மொழிப் படங்களில் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளைத் திருத்திக் கொடுப்பேன். பாத்திரம் பேசி முடிப்பதற்குள் பார்ப்பவர் படித்து முடிக்க வேண்டும். நெடிய தொடர்களை விரும்பும் என் வழக்கத்துக்கு அது நல்ல தண்டனையாக இருந்தது.

அண்மையில் நடந்த விழாவுக்கு வந்த படங்களுள் ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே எடுக்கப்பட்டது. உக்குவளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், மண்சரிவினால் லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டை இழந்த ஒரு பெண்மணியைப் பற்றிய குறும்படம். எடுத்தவர் கொழும்பைச் சேர்ந்த இளம்பெண். அயல்நாட்டு விழாக்களில் பரிசு பெற்றுத் திரும்பியிருந்த அப்படத்தை, அதே தோட்டத்தின் மாரியம்மன் கோயில் முற்றத்தில் திரை கட்டிக் காட்டுவது என்று முடிவாயிற்று. அம்மக்களின் வாழ்வை அம்மக்களுக்கே காட்டுவதைவிட விழாவுக்கு வேறென்ன பயன் இருக்க முடியும்? அனைவருக்கும் உவப்பான முடிவு அது.

அதன்பின் ஒரு ஞாயிறன்று, படத்தில் வரும் அப்பெண்மணி என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் உக்குவளைப் பள்ளியில் என்னிடம் தமிழ் படித்தவள். அந்தப் பழக்கம் எங்களுக்கு இருந்தது. அமரச் சொன்னேன். அமரவில்லை.

"சேர், அந்தப் படத்த நம்ம தோட்டத்துல காட்டப் போறாங்களாமே? ஆட்டோவுல மைக்கு கட்டிக் கத்திக்கிட்டுப் போறான்."

"ஆம். மகிழ வேண்டிய செய்தியல்லவா அம்மா?"

"என்னத்த சேர் மகிழ்றது? என் வீடு போச்சு."

மண்சரிவுக்குப் பிறகு அவரும் மகளும் பிள்ளைக் காம்பராவில், அதாவது பகலில் தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில், தங்கியிருந்தார்கள். இழந்தவர்களுக்காகப் புதிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. யாருக்கு வீடு என்பதைத் தொழிற்சங்கத் தலைவரின் வாய்ச்சொல்லே தீர்மானிக்கும். தோட்ட நிர்வாகியான துரை அதற்குத் தலையசைப்பார். இப்பெண்மணிக்கு ஒரு வீடு உண்டு என்று தலைவர் சொல்லியிருந்தார். படத்திலோ, நிவாரணமாக வந்த கூரைத் தகரங்கள் தலைவருடைய மைத்துனரின் மாட்டுக்கொட்டிலுக்குப் போன கதையை இவர் சொல்லியிருந்தார்.

"ஏன் அம்மா அதைச் சொன்னீர்கள்?"

"அந்தப் புள்ள எங்கூடத்தான் தங்கிச்சு சேர். ரொட்டி சுட்டுக் குடுத்தேன், சம்பலோட சாப்பிட்டுச்சு. நம்மள நம்பி வந்த புள்ள ஒவ்வொண்ணா கேக்கும்போது சொல்லாம எப்படி இருக்கிறது? வெளிநாட்டுலதான் காட்டுவாங்கன்னு சொன்னிச்சு. வெள்ளக்காரனுக்குத் தலைவர தெரியுமா, மாட்டுக்கொட்டில் எங்க இருக்குன்னு தெரியுமா? சொல்லிப்புட்டேன்."

அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பறித்த கொழுந்து லொறியேறிக் கடல் கடந்திருக்கிறது. போனது போனதுதான், அது திரும்பிவந்து கோயில் முற்றத்தில் நின்றதில்லை. தம் சொல்லும் அவ்வாறே போய்விடும் என்று அவர் கணக்கிட்டார். இயக்குநரும் பொய் சொல்லவில்லை. படம் எடுத்த காலத்தில் இவ்விழா தோட்டங்களை நாடிப் போகும் என்று அவர் அறிந்திருக்க வழியில்லை.

"நீங்கதானே கீழ எழுத்து போடுறீங்க? அந்த இடத்துல வேற எதாச்சும் போட்டுவிட முடியாதா சேர்?"

எழுத்தை மாற்றலாம், குரலை மாற்றவியலாது. அவர் பேசியது தமிழ், கேட்கப்போகிறவர்களும் தமிழர். என் தொண்டு சிறிதும் தேவைப்படாத ஒரே படம் அதுதான்.

அன்றே இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தேன். பணிவாகவே பேசினார். "சேர், அந்த இடத்தை எடுத்தா படமே இல்ல. அவங்களோட துணிச்சலுக்குத்தான் உலகமே கை தட்டினது. இப்பவும் பயந்துகொண்டிருந்தா அவங்க காலம் பூரா அந்தக் காம்பராவிலதான் இருக்கணும்." இழக்கவிருந்த வீடு இயக்குநருடையதன்று என்பதைத் தவிர, அச்சொற்களில் நான் மறுக்கத்தக்க பிழை எதுவும் இல்லை.

அமைப்பாளரிடம் போனேன். தோட்டத்தை விடுத்து நகரத்தில் மட்டும் காட்டலாமே என்றேன்.

"எப்படி சேர் ஏலும்? தலைவர்தான் கோயில் முற்றத்தையே கேட்டு வாங்கித் தந்தார். பொன்னாடை எல்லாம் சொல்லி வச்சிருக்கார். இப்ப போய் வேணாம்னா ஏன்னு கேப்பாரே, என்னத்த சொல்றது?"

அங்குதான் நான் அடங்கிப்போனேன். நிறுத்துவதற்குக் காரணம் கூற வேண்டும். காரணத்தைக் கூறினால், திரை சொல்லவிருந்ததை நாங்களே முன்கூட்டிச் சொன்னவர்களாவோம்.

குறித்த நாளன்று பகலெல்லாம் வானம் கறுத்திருந்தது. மழை பெய்து திரை நனையட்டும் என்று, மண்சரிவு கண்ட அந்த மலையிலே நின்று நான் விரும்பினேன். சில துளிகள் விழுந்தன, பிறகு வெளுத்துவிட்டது. பொழுது சாயும் வேளையில் தோட்டமே முற்றத்தில் கூடியது. முன்வரிசையில் தலைவரையும் அப்பெண்மணியையும் அருகருகே அமர்த்தியிருந்தார்கள். தலைவர் நன்கு சிரிக்கத் தெரிந்த மனிதர். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நம்ம தோட்டத்துக் கொழுந்து லண்டனுக்குப் போகும். இப்ப நம்ம அக்காவே போய்ட்டு வந்திருக்காங்க!"

"அக்கா எங்க போனாங்க தலைவரே? படந்தான் போச்சு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"அடுத்த வாட்டி உன்னையும் அனுப்புறேன்டா, திரும்பி வராத மாதிரி!" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது. பெண்மணி தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. சரிந்த மண், கொழுந்துக் கூடை, குழந்தைகளின் தொட்டில்கள். பிறகு அவருடைய முகம்.

"தகரம் வராம இல்ல. வந்திச்சு. எங்க கூரைக்கு வரல, தலைவரு மச்சான் மாட்டுக்கு வந்திச்சு. இப்ப மாடு நனையாம படுத்திருக்கு, நாங்க நனைஞ்சிக்கிட்டு படுத்திருக்கோம்."

அடுத்து, நீலத் தகரம் வேய்ந்த அந்தக் கொட்டில். உள்ளிருந்து பசுவொன்று நேராக எங்களை நோக்கியது.

"அந்தா பாரு, மச்சான் மாடு!" என்று ஒரு பெண்குரல் எழுந்ததும் முற்றமே குலுங்கிச் சிரித்தது. கைதட்டல், சீழ்க்கை. அக்கைதட்டல் எழாதிருந்தால், கேட்காததுபோல் இருந்துவிடத் தலைவருக்கு இயன்றிருக்கும். அமைப்பாளர் என் தோளைப் பற்றினார். "பாத்தீங்களா சேர், சனம் வாயத் தொறந்திட்டுது! இதுக்குத்தானே நாங்க பாடுபடுறது!" அவர் கண்கள் நனைந்திருந்தன. இருளில் கைதட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. பேசியவரின் முகம் மட்டுமே திரையளவு பெரிதாக எல்லோர்க்கும் தெரிந்தது.

விளக்குகள் எரிந்தபோது தலைவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். எழுந்து, பொன்னாடையை அப்பெண்மணியின் தோளில் தம் கையாலேயே போர்த்தினார். ஒளிப்படம் எடுத்தார்கள்.

விழாவினால் பயன் விளையவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வாரமே கொட்டிலின் தகரங்கள் கழற்றப்பட்டு, ஒழுகும் கூரையுடைய சில குடும்பங்களுக்குச் சேர்ந்தன. வீடுகள் முடிந்து திறவுகோல்கள் வழங்கப்பட்டபோது மட்டும், அப்பெண்மணியை எவரும் அழைக்கவில்லை. தகரம் பெற்றவர்கள் தம் கூரையை எண்ணி வாய் திறக்கவில்லை. இயக்குநரிடம் சொன்னேன், அழுதார். தமக்குத் தெரிந்த அலுவலர்களுக்கெல்லாம் எழுதினார். எங்கிருந்தும் விடை இல்லை.

நான் தலைவரிடமே சென்றேன். நாற்காலி இட்டுத் தேநீர் தந்தார்.

"அவங்க மேல எனக்கென்ன கோவம் சேர்? உள்ளதத்தானே சொன்னாங்க. ஆனா அவங்க இப்ப சினிமாக்காரங்க. உலகமே அவங்க கஷ்டத்தப் பாத்திருச்சு, ஒரு வீடு கட்டிக் குடுக்காதா? நம்மள விட்டா நாதியில்லாததுங்க இங்க எத்தனையோ இருக்கு. அதுங்களத்தான் நான் பாக்கணும். டீயக் குடிங்க சேர், ஆறுது."

தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அங்கிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கினேன். அப்பெண்மணி வேலை முடிந்து வந்து, துணிமூட்டையை மடியில் வைத்தபடி வெளியே கல்லில் அமர்ந்திருந்தார்.

"உள்ள இன்னும் ஒரு புள்ள இருக்கு சேர். அதோட அம்மா வந்து தூக்கிட்டுப் போகணும். அதுக்கப்புறந்தான் எங்களுக்குக் காம்பரா."

பக்கத்தில் அமர்ந்து, தலைவரிடம் போய்வந்ததைச் சொன்னேன்.

"எதுக்கு சேர் போனீங்க? நீங்க வந்து கேட்டதே அவருக்குப் பெருமயா இருந்திருக்கும்" என்றார். சினம் இல்லை, களைப்பே இருந்தது.

நெடுநேரம் கழித்து, கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். "பாவம், இன்னைக்கும் காக்க வச்சிட்டேன் அக்கா" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். பெண்மணி எழுந்து மூட்டையை இடுப்பில் ஏற்றினார்.

"கடைசி பஸ்ஸு போயிரும் சேர். கெளம்புங்க" என்றார்.

கிளம்பினேன்.