ஆட்டுத் தாடையும் ஒரு விருப்பப் பாடமும்

போன வாரம் பத்தாங் காலியில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கடைக்குள் நுழைந்தேன். பக்கத்து மேசைக்கு ஆட்டுத்தலை சூப் வந்தது. மிளகும் சோம்பும் கலந்த அந்த ஆவி பட்டால் மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்கோ தாடை எலும்பின் பாகங்கள் ஒவ்வொன்றாக நினைவில் வந்து வரிசைகட்டும். பல் மருத்துவராகி இத்தனை வருடமாகியும் இந்தக் கோளாறு போகவில்லை. இதற்கெல்லாம் காரணம் ரஹ்மத்.

ரஹ்மத் கோலசிலாங்கூர்க்காரி. அவளுடைய வாப்பா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நான் அசாம் ஜாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டம். அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத் தேர்வில் அவளுக்கு மருத்துவமும் எனக்குப் பல் மருத்துவமும் மயிரிழையில் தவறின. மயிரிழை என்பது என் அம்மா ஊரில் சொல்லிக்கொண்டது. உண்மையில் அது ஒரு செம்பனை மட்டை அகலம் இருக்கும்.

ஆகவே இருவரும் கோலாலம்பூரில் உயிரியல் பட்டப்படிப்பில் சேர்ந்தோம். நல்ல புள்ளிகள் வாங்கினால் அதைக் காட்டி மறுபடியும் விண்ணப்பிக்கலாம். அதனால் எந்தப் பாடம் என்பதைவிட எந்த விரிவுரையாளர் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி. சீனியர்களைத் துருவித் துருவிக் கேட்டு ரஹ்மத் ஒரு நோட்டில் குறித்து வைத்தாள். கடைக்காரர் மகள் அல்லவா, தரம் பிரித்ததும் சாப்பாட்டை வைத்துத்தான். இட்லி என்றால் யாருக்கும் செரிக்கும். பரோட்டா என்றால் மெல்ல வேண்டும், ஆனால் வயிறு நிறையும். எலும்பு என்றால் பல் போகும். சுற்றுச்சூழல் அறிமுகம் நடத்திய என்சிக் அஸ்மான் சுத்தமான இட்லி. ஒப்பீட்டு உடற்கூறியல் நடத்திய டாக்டர் லிம் எலும்பு. முந்தைய படிப்புத் தவணையில் அந்த அம்மாளிடம் ஏ வாங்கியவர்கள் இரண்டே பேர்.

விருப்பப் பாடம் ஒன்றுதான் எடுக்கலாம். யோசிக்க என்ன இருக்கிறது, இட்லி என்று முடிவு செய்தேன்.

பாடப் பதிவு ஒரு பெரிய மண்டபத்தில் நடக்கும். மேசைக்கு ஒரு பட்டியல் இருக்கும். அதில் பேனாவால் பெயரை எழுதினால் பதிந்தாயிற்று. கூட்டம் அதிகம் என்பதால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். இருவருக்கும் சேர்த்து வேதியியல் வரிசையில் நான் நின்றேன். விருப்பப் பாடத்தை எழுதிவர ரஹ்மத் போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"இட்லி ஃபுல் லா. எலும்புல எழுதிட்டேன்."

"ஒனக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"என்னைக் கேட்டியா நீ? எம்பேர எழுத நீ யாரு?"

"கேட்டுட்டு வர்றதுக்குள்ள அதுவும் ஃபுல்லாயிட்டா?"

எட்டிப் பார்த்தேன். டாக்டர் லிம்மின் மேசை முன்னால் ஈ காக்கை இல்லை. அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், சுங்கை பூலோவிலிருந்து அசாம் ஜாவா வரை அவளுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டர் கனவைப் பாதை நெடுகப் புதைத்துக்கொண்டே வந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் ஆறு பேருக்கு ஒரு விலங்கு மண்டையோடு. என் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

"வாப்பா கடைக்கு வாராவாரம் ஆட்டுத்தல வருது. ஒண்ணு கேட்டா குடுக்க மாட்டாரா?" என்றாள் ரஹ்மத்.

வாப்பா எங்களுக்காக ஒரு தலையை வெட்டாமல் முழுதாக வேகவைத்துக் கொடுத்தார். அதைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் காயவைத்து, சனிக்கிழமைகளில் கடையின் கடைசி மேசையில் வைத்துப் படித்தோம். ஒரு நாள் தாடையின் உள்பக்கத் துளையில் ஓர் ஈர்க்குச்சியை விட்டேன். அது எலும்புக்குள்ளேயே வளைந்து போய் முன்பக்கத் துளையில் எட்டிப் பார்த்தது. நரம்பு போகும் வழி! நான் போட்ட கூச்சலில், சாப்பிட்டுக்கொண்டிருந்த லோரிக்காரர் ஒருவர் திரும்பினார்.

"ஏம்மா, ஆட்டுக்குப் பல்லு கட்டப் போறியா?"

"சிரிக்காதீங்கண்ணே," என்றார் வாப்பா. "நாளைக்கு ஒங்க பல்லு இந்தப் புள்ளைங்க கையிலதான்."

அதுவரை புள்ளிக்காக மட்டுமே படித்தவள் நான். அன்று சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டே பசியை மறந்தேன்.

ஆனாலும் டாக்டர் லிம் எனக்குக் கொடுத்தது பி பிளஸ். மற்றதெல்லாம் ஏ, அது ஒன்று மட்டும் கண்ணில் விழுந்த தூசி. பல் மருத்துவ நேர்காணலில் மூவர் இருந்தார்கள். ஒருவர் சரியாக அந்த பி-யின் மேல் விரலை வைத்தார்.

"சுலபமான பாடம் எத்தனையோ இருக்க, இதை ஏன் எடுத்தீர்கள்?"

இதற்கென்றே அழகான பதில் ஒன்றை மனப்பாடம் செய்திருந்தேன். பயத்தில் உண்மை வந்துவிட்டது.

"நான் எடுக்கவில்லை, சார். என் தோழி பெயரை எழுதிவிட்டாள்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். "சரி, என்ன கற்றுக்கொண்டீர்கள்?"

"ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது."

"அப்புறம் எப்படிப் புல் மேயும்?"

கேட்டிருக்கக் கூடாது. மேல் ஈறு எப்படிக் கெட்டியாகிறது, கீழ்ப்பல் அதில் எப்படிப் பதிகிறது என்று ஆரம்பித்தேன். ஈர்க்குச்சிக் கதைக்கு வந்தபோது, போதும் என்று கையமர்த்தினார்கள். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. அப்பா லோரியைத் தோட்ட ஆபீஸ் வாசலில் நிறுத்தி, கணக்கெழுதும் கிராணியிடம் கொடுத்து, இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ரஹ்மத்துக்கும் மருத்துவம் கிடைத்தது. என் கல்யாணத்துக்கு வந்தவள், பந்தியில் என் காதோரம் குனிந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிக்காத. அன்னைக்கு இட்லி ஃபுல்லாகல. பாதி லிஸ்ட்டு காலியாத்தான் கெடந்துச்சு."

"அப்புறம் ஏன்டி?"

"எனக்கு எலும்புதான் படிக்கணும். தனியாப் போக பயமா இருந்துச்சு."

மாலையும் கழுத்துமாக அவளை அடிக்கக் கை ஓங்கினேன். சிரிப்பு முந்திக்கொண்டது.

டாக்டர் லிம் ஓய்வுபெற்றதும் அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டார்களாம். வாப்பாவும் இல்லை, கடையும் இல்லை. பாடப் பதிவெல்லாம் இப்போது கைப்பேசியில், அவரவர் கடவுச்சொல்லில். புக்கிட் செந்தோசாவில் இருக்கும் என் அண்ணன் மகள் சென்ற மாதம் ஐந்து பாடங்களைச் சோபாவில் சாய்ந்தபடியே பதிந்து முடித்தாள். தப்பே இல்லை. எந்த வரிசையிலும் நிற்காமல், பக்கத்தில் இருக்கும் யாரோடும் சண்டை போடாமல்.