கிணற்றடி மோட்டர்

வாவிக் காற்றோடு இன்று காலை ஒரு கருகல் நாற்றம் வந்தது. யாரோ பழைய மோட்டரின் கம்பிச் சுருளை நெருப்பில் போட்டிருக்கிறார்கள். வார்னிஷ் எரியும் அந்த நாற்றம்தான் நான் சின்ன வயதில் வளர்ந்த வீட்டு வளவின் நாற்றம்.

அப்பா பழைய மோட்டர்களை வாங்கி உடைத்து, செம்பை எடுத்து விற்பவர். மனிதர்களையும் நம்பமாட்டார், கம்பியையும் நம்பமாட்டார். செம்பு நிறத்தில் மினுங்குவது உள்ளே அலுமினியமாக இருக்கலாம் என்று, கொண்டுவந்தவர் முன்னாலேயே குந்தியிருந்து கத்தியால் சுரண்டிப் பார்ப்பார்.

"சுத்தச் செம்பு அண்ணே," என்றார் ஒருநாள் சைக்கிளில் மோட்டர் கட்டிவந்தவர்.

"நீ சொன்னா நான் நம்பிருவனா?"

அப்பா மோட்டருக்கு வெளியே நீண்டிருந்த கம்பியை இன்னும் ஆழமாகச் சுரண்டி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் வாங்கினார். மோட்டரின் இரும்புக் கோதை உடைத்து, சுருளைத் தேங்காய்மட்டை நெருப்பில் போட்டார்.

பின்னேரம் தண்ணீர் இறைக்க அம்மா சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை. கிணற்றடியில் மோட்டர் இருந்த சீமெந்துத் திட்டு வெறுமையாகக் கிடந்தது. அம்மா திரும்பி வந்து, உடைந்த கோதில் ஒரு துண்டை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இஞ்சருங்க, நீங்க பூசின நீலப் பெயின்ட்கூட உங்கட கண்ணுக்குத் தெரியல்லையா?"

அப்பா நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செம்பு சுத்தம்தான்," என்றார் கடைசியில்.

இன்று நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். எங்கள் மோட்டர் இருந்தது. தொட்டும் பார்த்தேன். ஆனாலும் அந்த நாற்றம் அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.